கயிற்றில் ஏறும் எலி, கம்பத்தில் ஏறும் மஞ்சள் கொடி: வாசகர் கேள்வி-பதில்

துறைமுகங்களில் அன்றும் இன்றும் நடக்கும் நோய்த்தடுப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கேள்விகளில் பாதி எலியைப் பற்றியவை. அதனால் எலியிலிருந்தே தொடங்குகிறோம்.

ஹார்பரில் நிற்கும் கப்பல்களின் கயிறுகளில் வட்டமாகத் தகரத் தட்டு மாட்டியிருக்கிறார்களே, அது எதற்கு?
(வாசகர், ராயபுரம்)

எலியை மறிக்க. கப்பலைக் கரையோடு பிணைக்கும் வடம் எலிக்குப் போட்டுக் கொடுத்த பாலம் மாதிரி. அதிலும் கப்பல் எலி என்றே பெயர் வாங்கிய கருப்பெலி, கயிற்றில் நடப்பதில் கழைக்கூத்தாடியைத் தோற்கடித்துவிடும். பிளேக், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்பதை 1898-ல் கராச்சியில் பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதித்துக் காட்டினார். கப்பலில் வரும் மனிதரைவிடக் கப்பலில் வரும் எலிதான் பெரிய ஆபத்து என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் துறைமுக அதிகாரிகளின் மண்டையில் ஏறியது.

தட்டின் விட்டம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நடுவில் துளை, அதிலிருந்து விளிம்புவரை ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாக வடத்தில் மாட்டிக் கட்டுவார்கள். கரையிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் எலி கரையிலிருந்தே தாவி, தட்டைத் தாண்டி விழுந்துவிடும்.

மாட்டியிருக்கிறது என்பதாலேயே வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துளை பெரிதாகவும் வடம் ஒல்லியாகவும் இருந்தால் நடுவில் சந்து விழும். அதைச் சாக்குத் துணியால் அடைத்திருக்க வேண்டும். இரண்டு வடம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒன்றில் மட்டும் தட்டு இருந்தால், எலி மற்றதில் போகும். தட்டைச் சரியாகக் கட்டாவிட்டால் காற்றில் சாய்ந்து வடத்தோடு படுத்துவிடும். அப்புறம் அது தடுப்பு இல்லை, திண்ணை. இன்னொன்று, பலர் கவனிக்காதது: சரக்கு ஏறும்போது கப்பல் தாழும், இறங்கும்போது உயரும். வடம் தளர்ந்து தொங்கித் தட்டைத் தாண்டிய பகுதி கரையைத் தொட்டுவிட்டால் எல்லாம் வீண். அதனால்தான் ஒவ்வொரு முறை வடத்தை இழுத்துக் கட்டும்போதும் தட்டையும் பார்க்க வேண்டும் என்பது விதி.

ஏணிப்படியையும் மறக்கக் கூடாது. வேலை இல்லாத இரவு நேரத்தில் அதைக் கரையிலிருந்து ஆறடி உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும்; முடியாவிட்டால் நல்ல வெளிச்சம் போட்டு ஆள் நிறுத்த வேண்டும். சரக்கு வலையைத் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போவது எலிக்கு வரவேற்பு. இவ்வளவு செய்தாலும் அரிசி மூட்டைக்குள்ளோ கோணிக் கட்டுக்குள்ளோ உட்கார்ந்து வரும் எலியை எந்தத் தட்டும் தடுக்காது. அதற்குக் கப்பலுக்குள்ளேயே வேலை இருக்கிறது.

அந்தக் காலத்தில் கப்பலில் பூனை வளர்த்தார்களாமே, அது போதவில்லையா?
(வாசகி, எர்ணாவூர்)

பூனை பசிக்குப் பிடிக்கும், கணக்குக்குப் பிடிக்காது. எலி செத்தால் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி சூடு ஆறும் உடலை விட்டு வேறு ஆளைத் தேடும். அது பூனையாகவும் இருக்கலாம், பூனையை மடியில் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். எலியும் பூச்சியும் ஒரே நேரத்தில் சாக வேண்டும் என்றால் புகைதான் வழி.

கப்பலுக்குக் கந்தகப் புகை போட்டார்கள் என்று படித்தேன். எவ்வளவு கந்தகம், எப்படி?
(வாசகர், திருவொற்றியூர்)

அளவோடு கேட்டிருக்கிறீர்கள், அளவோடு சொல்கிறோம். எலிக்கு 1,000 கன அடி இடத்துக்கு 3 பவுண்டு கந்தகம், மூடி வைக்கும் நேரம் 6 மணி. கொசுவுக்கு மட்டும் என்றால் 2 பவுண்டும் 2 மணி நேரமும் போதும். 50,000 கன அடி சரக்கறை என்று வைத்துக்கொண்டால் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. ஒரு சட்டியில் 30 பவுண்டுக்கு மேல் போடக் கூடாது என்பதால் ஐந்து சட்டி.

சட்டி என்பது அகன்ற இரும்புச் சட்டி. அதைத் தண்ணீர் ஊற்றிய தொட்டிக்குள் வைப்பார்கள். இதில் இரண்டு லாபம். சட்டி வெடித்தாலும் தளத்தில் தீப்பிடிக்காது. சூட்டில் தண்ணீர் ஆவியாகி அறையில் ஈரம் ஏறும். எலியைக் கொல்ல ஈரம் தேவையில்லை, கிருமியைக் கொல்லத் தேவை. காய்ந்த கந்தக வாயு கிருமியை ஒன்றும் செய்யாது. கந்தகத்தை நன்றாக நொறுக்கி, நடுவில் குழி பண்ணி, அதில் சாராயம் ஊற்றிக் கொளுத்த வேண்டும். கட்டியாகப் போட்டால் மேலே உருகி ஓடி, பாதியில் அணைந்துவிடும்.

அனுபவம் இல்லாதவர்கள் செய்யும் பெரிய தவறு, சட்டியைச் சரக்கறையின் அடித்தளத்தில் வைப்பது. கந்தக வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். அது கீழேயே தேங்கிச் சட்டியைச் சூழ்ந்து, தன் நெருப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் முக்கால் கந்தகம் அப்படியே இருக்கும், எலியும் இருக்கும். மேடை கட்டி உயரத்தில் வைக்க வேண்டும்.

சட்டிகளின் இந்தத் தொல்லைக்குப் பதிலாக வந்தது கிளேட்டன் இயந்திரம். கப்பலுக்கு வெளியே, பெரும்பாலும் ஒரு படகில், உலை எரியும். ஒரு குழாய் சரக்கறையிலிருந்து காற்றை உலைக்கு இழுக்கும், இன்னொரு குழாய் கந்தக வாயுவை உள்ளே தள்ளும். உள்ளே நெருப்பே கிடையாது, சரக்கு இருக்கும்போதே புகை போடலாம்.

போடலாம்தான், ஆனால் எந்தச் சரக்கு என்று பார்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்ந்தால் இந்த வாயு அமிலம் ஆகிவிடும். பித்தளை கறுக்கும், இரும்பு துருவேறும், சாயத் துணி வெளுக்கும். தேயிலையும் மாவும் நாற்றத்தை வாங்கிக்கொண்டால் திரும்பக் கொடுக்காது. வணிகர்கள் புகைக்கு எதிராகப் போட்ட சத்தத்தில் பாதி நியாயமானது.

அதனால் பின்னாளில் பல துறைமுகங்கள் சயனைடு வாயுவுக்கு மாறின. 1,000 கன அடிக்கு 2 அவுன்ஸ், 2 மணி நேரம், சரக்குக்குச் சேதமில்லை. ஆனால் கந்தகம் மூக்கைப் பிடித்து வெளியே தள்ளும். சயனைடு எச்சரிக்காமல் ஆளைச் சாய்க்கும். அதனால் கண்ணீர் வரவைக்கும் வேறொரு வாயுவை வேண்டுமென்றே அதில் கலந்தார்கள். திறந்து காற்றோட்டம் விட்ட பிறகும், கூண்டில் ஒரு சிறு பிராணியை முதலில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவது. மெத்தை, கம்பளிச் சுருளுக்குள் தங்கிய வாயு, இரவில் யாராவது அதன்மேல் படுக்கும்போது வெளிவந்து கொன்றதும் உண்டு.

இப்போது புகை போடுவதைவிட, எலி தங்க இடமே இல்லாமல் கப்பலைக் கட்டுவதில் கவனம் போய்விட்டது. அரை அங்குலத்துக்கு மேல் எங்கும் சந்து இருக்கக் கூடாது என்பது கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்து கப்பலுக்குச் சுகாதாரச் சான்றிதழ் தருகிறார்கள். ஆய்வுக்கு வசதி இல்லாத துறைமுகமென்றால் ஒரு மாதம் நீட்டிப்பு. ஆய்வாளர் முதலில் தேடுவது எலியை அல்ல, எலிப் புழுக்கையை. கறுத்து, பளபளப்பாக, அழுத்தினால் நசுங்கினால் புதியது; வெளுத்துப் பொடிந்தால் பழையது. பழையது மட்டும் இருந்தால் பயமில்லை, கூட்டவில்லை என்று அர்த்தம்.

மஞ்சள் கொடி ஏற்றினால் கப்பலில் நோய் என்று அர்த்தமா?
(கல்லூரி மாணவர், மண்ணடி)

நேர் எதிர். இன்றைய சர்வதேசக் கொடி மொழியில் முழு மஞ்சள் கொடிக்கு, ‘என் கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கொடுங்கள்’ என்று பொருள். மஞ்சளும் கறுப்பும் நான்கு கட்டமாக இருக்கும் கொடிதான் கப்பல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது. பழைய நாளில் மஞ்சள் என்றாலே நோய்க் கொடி. அந்த நினைவு மாறவில்லை. இரவில் கொடி தெரியாது என்பதால் வெள்ளை விளக்குக்கு மேலே சிவப்பு விளக்கு போட்டால், ‘இன்னும் அனுமதி கிடைக்கவில்லை’ என்று பொருள்.

அனுமதி கிடைக்கக் கப்பல் தலைவர் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். பயணத்தில் விபத்து தவிர யாராவது இறந்தார்களா, தொற்று என்று சந்தேகப்படும்படி யாராவது படுத்தார்களா, வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு உடம்பு சரியில்லையா, திருட்டுத்தனமாக ஏறியவர்கள் உண்டா, வளர்ப்புப் பிராணி நோயில் கிடக்கிறதா என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுப்பது பழைய வியாதி. அனுபவமுள்ள அதிகாரி படிவத்தோடு நிற்பதில்லை. கப்பலின் மருந்துப் பதிவேட்டைக் கேட்பார். ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு மாத்திரை நாற்பது தீர்ந்திருந்தால் அந்த ‘இல்லை’ நிற்காது. கடைசி 30 நாளில் தொட்ட துறைமுகங்களின் பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் கேள்வி வரும்.

குவாரண்டைன் என்றால் நாற்பது நாள் என்கிறார்கள். ஏன் நாற்பது? மண்டலக் கணக்கா?
(வாசகர், திருவல்லிக்கேணி)

நம் மண்டலத்துக்கும் அதற்கும் உறவில்லை. அட்ரியாடிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரம், இன்றைய துப்ரோவ்னிக், 1377-ல் பிளேக் ஊர்களிலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. பின்னால் அது நாற்பதானது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கான சொல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. பைபிளில் நாற்பதுக்கு இருக்கும் இடம் இதற்குக் காரணம் என்பார்கள். வெனிஸ் 1423-ல் நோயாளிகளுக்கு ஒரு தீவும், 1468-ல் சந்தேகத்துக்கு உரியவர்களுக்கு வேறொரு தீவும் ஒதுக்கியது. நோயாளியைப் பிரிப்பது ஒன்று, நலமாக இருப்பவரை நிறுத்திப் பார்ப்பது வேறொன்று என்று அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள்.

கிருமி தெரிய வந்த பிறகு நாற்பதுக்குத் தேவையில்லாமல் போனது. நோய் உடம்பில் ஏறி வெளியே தெரிய எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் போதும். 1951-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த விதிகளில் ஆறு நோய்களுக்குக் கணக்கு இருந்தது: காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் 6, விட்டு விட்டு வரும் பேன் காய்ச்சலுக்கு 8, பெரியம்மைக்கும் டைஃபஸுக்கும் 14. (பேன் வழியாகப் பரவும் டைஃபஸ் வேறு, டைஃபாய்டு வேறு. ஒரு வாசகர் குழப்பிக்கொண்டு மூன்று பக்கம் எழுதியிருந்தார்.)

நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை. கப்பல் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, நோய் தொற்றியிருக்கக்கூடிய கடைசி நாளிலிருந்து. ஐந்தாம் நாள் காலையில் இன்னொருவர் படுத்துவிட்டால் அவரோடு புழங்கியவர்களுக்கு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. எல்லோரையும் ஒரே கொட்டகையில் அடைத்து, ஒரே தண்ணீரைக் கொடுத்தால் எண்ணிக்கை முடியவே முடியாது. மொரீஷியஸுக்கு அருகே காபிரியேல் தீவில் 1856-ல் காலராவோடு வந்த இந்தியக் கூலிகளை இறக்கிவிட்டபோது நடந்த பெருஞ்சாவு அப்படிப்பட்டதுதான். நோயை ஊருக்குள் விடவில்லை; ஆட்களைக் காப்பாற்றவும் இல்லை.

1896-ல் பம்பாயைப் பிளேக் சூறையாடியது. அதே மாதிரித் துறைமுக நகரமான சென்னை எப்படித் தப்பித்தது? நம் நிர்வாகம் அவ்வளவு திறமையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்)

நிர்வாகம் பாதி, பூச்சி பாதி. எந்தப் பாதி பெரிது என்று கேட்டால் பூச்சி என்போம்.

நிர்வாகத்தின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறோம். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. துறைமுகத்துக்கு வரும், போகும் கப்பலைச் சோதிக்கவும் பயணம் போக இருப்பவரைத் தடுத்து வைக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. கப்பலேறுபவரின் நாடி, நாக்கு, கண், சூடு பார்த்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பூனாவில் சோதனை என்ற பெயரில் நடந்த அத்துமீறல் எதில் போய் முடிந்தது என்பது தெரிந்த வரலாறு; 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். சென்னை மாகாணத்தில் கையாண்ட முறை வேறு. பிளேக் ஊரிலிருந்து வருபவரை அடைத்து வைப்பதற்குப் பதிலாக ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டு. போய்ச் சேரும் ஊரும் முகவரியும் அதில் இருக்கும். பத்து நாள் தினமும் உள்ளூர் அதிகாரி முன் முகம் காட்ட வேண்டும். அன்று மாகாணச் சுகாதார ஆணையராக இருந்தவர் டபிள்யூ. ஜி. கிங்; கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவர் பெயரில்தான் இருக்கிறது. அடைப்பதைவிடப் பின்தொடர்வது செலவு குறைவு, கோபமும் குறைவு. ஆனால் பொய் முகவரி கொடுத்தால் முறையே படுத்துவிடும்.

இனிப் பூச்சி. பம்பாயின் எலிகளில் அதிகம் இருந்த தெள்ளுப்பூச்சி ‘சியோபிஸ்’ என்ற இனம். சென்னையிலும் கொழும்பிலும் எலியைப் பிடித்துச் சீவி எடுத்துப் பார்த்தபோது பெரும்பான்மை ‘ஆஸ்டியா’ என்ற வேறு இனம். கொழும்பு மாநகராட்சியின் கிருமியியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட்தான் இந்த வித்தியாசத்தைப் பிடித்தவர். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நுண்ணோக்கியில்தான் பிரிக்க முடியும். ஆஸ்டியா மனிதரை அவ்வளவு விரும்பிக் கடிப்பதில்லை, பிளேக்கைக் கடத்துவதிலும் மந்தம்.

வெயிலும் கைகொடுத்தது. பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் தொண்டைக்குக் கீழே கட்டியாக அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே போகாமல் பூச்சி பசியில் மறுபடி மறுபடி கடிக்கும்; ஒவ்வொரு கடியிலும் கிருமியோடு ரத்தம் திரும்ப வெளியே வரும். இந்த அடைப்பு மிதமான குளிரில் நிற்கும், நல்ல வெப்பத்தில் கலைந்துவிடும். சென்னை வெயில் அந்த வேலையைச் செய்தது. குளிர்ச்சியான சேலம், கோவை, ஓசூர், கம்பம் பள்ளத்தாக்கு பக்கமெல்லாம் பிளேக் ஆண்டுக்கணக்கில் வந்து போனது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சென்னையில் அம்மனுக்கு அந்தப் பெயர் வைக்கும் தேவை வரவில்லை.

என் தாத்தா ரஜூலா கப்பலில் மலேயா போனவர். இறங்கியதும் ஒரு தீவில் பல நாள் அடைத்தார்கள் என்பார். மேல் வகுப்புக்காரர்களை மட்டும் விட்டுவிட்டார்களாம். உண்மையா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

உண்மை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா 1926-ல் கட்டப்பட்டது. பினாங்கில் இறங்குபவருக்கு ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் இறங்குபவருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. செயின்ட் ஜான்ஸ் தீவின் நிலையம் 1874-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் காலரா வந்ததுதான் காரணம்.

தீவில் நடப்பது இதுதான். துணிமணி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆளுக்கு மருந்துத் தண்ணீர்க் குளியல், அம்மை குத்திய தழும்பு பார்த்தல், இல்லையென்றால் உடனே குத்துதல். துணி மூட்டை நீராவி அறைக்குப் போகும். அந்த அறையில் நீராவி விடுவதற்கு முன் உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் மூட்டையின் நடுப்பகுதி சூடேறாது. வெளித்துணி வெந்து, உள்துணியில் பேன் உயிரோடிருக்கும். அதற்காகத்தான் இறுக்கக் கட்டிய மூட்டையைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். தோல் செருப்பும் தோல் பெட்டியும் நீராவியில் சுருங்கி வீணாகும். அதைத் தனியே எடுத்து ஃபார்மலின் என்ற கிருமிநாசினியில் துடைக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே பெட்டியை இழந்தவர்கள் பலர்.

மேல் வகுப்பை விட்டதற்கு அதிகாரிகள் சொன்ன காரணம், அவர்களுக்கு நிலையான முகவரி உண்டு, வீட்டிலேயே கண்காணிக்கலாம் என்பது. கிருமி டிக்கெட் பார்த்து ஏறாது. ஆயிரக்கணக்கில் ஒரே தளத்தில் படுத்து வந்தவர்களிடையே தொற்று எளிது என்பதும் சரி. அப்படிப் படுக்க வைத்தது யார் என்ற கேள்வியும் சரி.

கிளம்பும் முனையிலும் முகாம்கள் இருந்தன. மலேயா போகும் தொழிலாளருக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை, பிறகு மண்டபம். மண்டபத்தில் அம்மை குத்துவதோடு கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். ராமேசுவரம் போகும்போது ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ரயில் நிலையம் வருகிறதே, அந்தக் கேம்ப்தான் இது.

தபால்தலை சேகரிக்கிறேன். 1830-களின் ஐரோப்பியக் கடிதம் ஒன்றில் உளியால் குத்தியது மாதிரி இரண்டு வெட்டு இருக்கிறது. பூச்சி அரித்ததா?
(வாசகர், மயிலாப்பூர்)

பூச்சி அரித்தால் ஓரம் நெளியும். நேர்கோட்டு வெட்டு, மடித்த எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் ஊடுருவியிருந்தால் அது நோய்த்தடுப்பு வெட்டு. புகையோ காடியோ உள்ளே போகட்டும் என்று குத்துவார்கள். மால்டா, இத்தாலியத் துறைமுகங்களில் இது வழக்கம். காடியில் நனைத்தது பழுப்புத் திட்டாகத் தெரியும். கந்தகப் புகை காட்டியது மஞ்சளாகும். சில இத்தாலிய முத்திரைகளில் ‘வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு’ என்றே இருக்கும்: பிரிக்காமல் மேலுறையை மட்டும் சுத்தம் செய்தது என்று பொருள். கடிதத்தால் பிளேக்கோ காலராவோ பரவியதில்லை என்பது வேறு கதை. உங்களிடம் இருப்பதை நேராக்க இஸ்திரி போடாதீர்கள். வெட்டை ஒட்டவும் ஒட்டாதீர்கள், மதிப்பே அதில்தான்.

கப்பலிலிருந்து கொட்டும் தண்ணீரால் கடலில் காலரா வருமா? மீனவர்களாகிய நாங்கள் கவலைப்பட வேண்டுமா?
(வாசகர், காசிமேடு)

சரக்கு இறக்கிய கப்பல் தள்ளாடாமல் இருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும்; அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டும். ஓர் ஊர்க் கடலின் உயிர்களெல்லாம் இன்னோர் ஊர்க் கடலுக்கு வந்து சேரும். காலராக் கிருமி உவர்நீரில், மிதக்கும் நுண்ணுயிர்களில் ஒட்டிக்கொண்டு வாழக்கூடியது என்பதால் கவலை நியாயமே. 1992-ல் சென்னையில்தான் ‘ஓ139’ என்ற புதுவகைக் காலரா முதலில் அடையாளம் தெரிந்தது. அடுத்த ஆண்டுக்குள் வங்கக் கடற்கரை நெடுகப் பரவியது. அதைக் கப்பல் கொண்டுவந்தது என்று சொல்ல வரவில்லை. கடற்கரை ஊர்களுக்குக் காலரா எவ்வளவு நெருக்கம் என்பதற்காகச் சொல்கிறோம்.

2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச ஒப்பந்தப்படி, கொட்டும் நீரில் 100 மில்லிக்கு நோய்தரும் காலராக் கிருமி ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும், மலத்திலிருந்து கலக்கும் ஈ.கோலை கிருமி 250-க்குக் குறைவாக. இதற்காக நீரை வடிகட்டிப் புற ஊதா ஒளியிலோ குளோரினிலோ சுத்தம் செய்கிறார்கள். சேறு கலங்கிய துறைமுகத்தில் நீரை எடுக்கும்போதுதான் சிக்கல்: வடிகட்டி அடைக்கும், கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. தொட்டியின் அடியில் படியும் வண்டல் இன்னொரு தலைவலி. நீர் மாறினாலும் அது மாறாது.

உங்கள் கையில் இருப்பது: பிடித்த மீனையும் ஐஸ் பெட்டியையும் ஹார்பருக்குள் மொண்ட நீரால் கழுவாதீர்கள். படகின் குடிநீர்த் தொட்டியில் நாற்றமோ பாசியோ இருந்தால், தேய்த்துக் கழுவி நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராம் கரைத்து ஊற்றி 4 மணி நேரம் விட்டு, முழுக்க வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். மூக்கில் ஏறாத பவுடரை நம்பாதீர்கள். குடிநீர் ஹோஸைத் தரையில் இழுத்துவிட்டு அப்படியே தொட்டிக்குள் விடுவதை நிறுத்தினாலே பாதிச் சுத்தம்.

கானாவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதல்நாள் போட்டுக்கொண்டால் போதாதா?
(வாசகர், வேளச்சேரி)

போதாது. சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளில்தான் செல்லுபடியாகும். டிக்கெட்டை மாற்றுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், ராஜாஜி சாலைத் துறைமுகச் சுகாதார அலுவலகம் மாதிரி அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட வேண்டும். மற்ற இடத்தில் போட்டால் உடம்புக்குப் பலன் இருக்கலாம், காகிதத்துக்குப் பலன் இல்லை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்தால் ஆறு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் குறித்த நாளில் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். சான்றிதழான மஞ்சள் அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, மாதம் எண்ணாக இல்லாமல் எழுத்தில் இருக்கிறதா, மருந்தின் தொகுப்பு எண், மையத்தின் முத்திரை, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து நீங்களே திருத்தினால் அட்டை செல்லாது. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, 60 வயதுக்கு மேல் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. 2016 ஜூலை முதல் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும்.

பலர் போகும்போது மட்டும் யோசிக்கிறார்கள். அட்டை இல்லாமல் நோய் உள்ள நாட்டிலிருந்து இந்தியா திரும்பினால், கிளம்பியதிலிருந்து ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். கொசுப் புழு பார்க்க அடிக்கடி ஆள் வருகிறார்கள். நோய் எங்கள் வீட்டிலா இருக்கிறது?
(வாசகி, முத்தியால்பேட்டை)

நோய் இல்லை, வாகனம் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்கு இதுவரை வரவில்லை. ஆனால் அதைக் கடத்தும் ஏடிஸ் கொசு நம் வீட்டு வாசலிலேயே வாழ்கிறது. டெங்குவைத் தருவதும் அதுதான். கப்பலில் ஒரு நோயாளி வந்து, கரையில் கொசுவும் இருந்தால் வேறென்ன வேண்டும்? அதனால் துறைமுக எல்லைக்கு வெளியேயும் குறைந்தது 400 மீட்டர் வரை கொசு உற்பத்தி இருக்கக் கூடாது என்கிறது சர்வதேச விதி. உங்கள் தெரு அந்த நானூறுக்குள் வருகிறது போலிருக்கிறது.

வருகிறவரை மொட்டை மாடிக்கு விடுங்கள். சின்டெக்ஸ் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். காற்றுக் குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். வாரத்தில் ஒரு நாள் டிரம், குடம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் போதும் என்பதற்குக் கணக்கு இதுதான். ஆனால் வெறுமனே கவிழ்த்தால் பாதி வேலைதான். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

காலி செய்ய முடியாத தொட்டிக்கு அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து. 50 சதவீத மருந்து 1,000 லிட்டருக்கு 2 மில்லி, அதாவது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. அதை நீங்களே வாங்கி ஊற்றாதீர்கள், வருகிறவரிடம் தொட்டியின் கொள்ளளவைச் சரியாகச் சொல்லுங்கள்; 500 லிட்டர் தொட்டியை ஆயிரம் என்று சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.